வடக்கின் சராசரி

பீரிஸார் என்றால் எல்லைத் தீவு.
எஸ்தோனியாவின் கடைசி நாணல் இங்கேதான் முளைக்கிறது.
அக்டோபர் முடிகிறது. ஏரி உறைவதற்குள்
ஒரு தடவையாவது
எங்கள் படகு நேராக வடக்கே போகவேண்டும்.

படகு என்று சொல்வது நாங்கள் இருவர் மட்டும்.
இரண்டு சாக்கடைக் குழாய், நடுவில்
லுகேரியாவின் வெங்காயக் கூடை,
கூடைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா,
டப்பாவுக்குள் என் மூன்று மாதச் சனிக்கிழமைகள்.
அடியில், ஆழம் கேட்கும் காது ஒன்று:
ஒரு சொடுக்குப் போடும், காத்திருக்கும்,
எதிரொலி வந்த நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும்.

நான் தார்த்துவில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
பிழைப்புக்குத் தெரிந்த திசை இரண்டுதான், மேலே, கீழே.

தெற்கே விட்டால் போகிறது.
மேற்கே விட்டால் போகிறது.
வடக்கே விட்டால் நாற்பது மீட்டர் போய்
அடுப்பை அணைக்க மறந்தவர் மாதிரி
சட்டென்று திரும்புகிறது, பிறகு
அங்கேயே நின்று சுற்றுகிறது.

மோட்டாரின் காந்தம் என்றேன்.
திசைகாட்டிச் சில்லை
ஒரு சாண் குச்சியின் உச்சியில் ஏற்றினேன்.
பேட்டரி வயர்களைப் பின்னலாய் முறுக்கினேன்.
மொத்தப் படகையும் தூக்கி
காற்றில் எட்டுப் போட்டுக் காட்டினேன்.
எதிர்வீட்டு ஃபியோக்திஸ்த் இரண்டு விரலால்
சிலுவை இட்டுக்கொண்டு உள்ளே போனார்.
லுகேரியா தன் பாக்கெட்டிலிருந்த கத்தியைக்கூடத்
தொலைவில் வைத்துவிட்டு வந்தாள்.
மறுபடியும் நாற்பது மீட்டர்.

இரவு, அவள் சமையலறையில், புகையூட்டிய மீனின்
எண்ணெய் விரலால் எண்களை நகர்த்தினோம்.
முந்நூற்று ஐம்பத்தொன்பது. ஒன்று.
முந்நூற்று ஐம்பத்தெட்டு. இரண்டு.
அலையில் படகு தலையாட்டும் அல்லவா,
அதனால் அளவுகளை நான்கு நான்காய்ச் சேர்த்து
சராசரியைத்தான் அதற்கு ஊட்டியிருந்தேன்.

"கூட்டு" என்றாள்,
மூட்டை நிறுத்தே கணக்குப் பழகியவள்.
எழுநூற்று இருபது.
"நாலாய்ப் பங்கு போடு."
நூற்றெண்பது.

நூற்றெண்பது தெற்கு.

நாலு சாட்சியும் வடக்கு என்றுதான் சொன்னார்கள்.
தீர்ப்பை எழுதியவன் நான்.
ஒன்றும் முந்நூற்று ஐம்பத்தொன்பதும்
ஒரே சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் குடியிருப்பவர்கள்,
நான் அவர்களை ஊரைச் சுற்றி நடக்கவைத்திருக்கிறேன்.

கோணத்தைக் கூட்டக்கூடாது.
ஒவ்வொன்றையும் அம்பாக்கி
ஓர் அம்பின் நுனியில் அடுத்ததன் வாலை வைத்து
கடைசி நுனி எங்கே என்று பார்க்கவேண்டும்.
சைன், கோசைன். பள்ளியில் நான் தோற்ற பாடம்.
பதினொரு வரி.

ஞாயிறு காலை அது போனது.
நாணலைத் தாண்டி, நாற்பதைத் தாண்டி,
லுகேரியா கைதட்டவில்லை, முக்காட்டை மட்டும்
அவிழ்த்து மறுபடி கட்டினாள்.
இரண்டு எண்பது. மூன்று. மூன்று பத்து.
அடித்தரை மீட்டர் மீட்டராய் என் திரைக்கு வந்தது.

பிறகு மேற்குக் காற்று.

ஏரியில் பாதி ரஷ்யாவுக்கு.
அந்தக் கோட்டுக்கு முந்நூறு மீட்டர் முன்னாலேயே
ஒரு வேலி எழுதி வைத்திருந்தேன்:
தொட்டால் மோட்டாரை நிறுத்து.
நல்ல பிள்ளை. தொட்டது, நிறுத்தியது.
காற்று என் வரிகளைப் படித்ததில்லை.

எல்லைக் காவலுக்கு போன் செய்தேன்.
"படகில் ஆள் உண்டா?"
"இல்லை."
"சரக்கு?"
"வெங்காயக் கூடை. காலி."
மறுமுனையில் கொஞ்ச நேரம் எழுதும் சத்தம்.

கோட்டுக்கு அப்பாலிருந்தும் சொடுக்கு வந்துகொண்டிருந்தது.
மூன்று நாற்பது. மூன்று நாற்பது. மூன்றரை.
லுகேரியா விதை ரசீதின் பின்னால்
எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டாள்,
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
நாலு மணிக்கு ஒரு மூன்று அறுபது.
அதன்பின் வெறும் இரைச்சல்.

"கூடை இன்னொன்று இருக்கிறது" என்றாள்.
"இந்தத் தடவை நிறுத்து என்று எழுதாதே.
திரும்பு என்று எழுது."

துறையில் ஃபெர்ரி ஊதியது.
எழுந்திருக்காமல்
ஒரு சொல்லை அழித்துக்கொண்டிருந்தேன்.